விளக்கு வைக்கிற வரைக்கும்

நதியா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சொன்னதுதான். அப்புறம் மலையே பெயர்ந்து வந்தாலும் அவள் இம்மி நகர மாட்டாள். புளியங்குட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவளைக் கட்டிய சின்னராசுவிடம் மட்டும் கேட்க வேண்டாம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறான்.

கல்யாணமான புதிதில் சின்னராசுவுக்குக் குடி இருந்தது. ஊர் சிரிக்கிற அளவுக்கு இல்லை. ஆனால் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனால் போன கால் நேராக வீடு திரும்பாது. ஒருநாள் புளி மூட்டையைப் போட்டுவிட்டு வந்தவன், வாசலில் கட்டியிருந்த ஆட்டின் மேலேயே போய் விழுந்தான். ஆடு கத்தியது, அவனும் கத்தினான். நதியா முதலில் ஆட்டைத் தூக்கிவிட்டாள். பிறகு அவனைப் பார்த்து, "நீ இந்த எழவ வுடுற வரிக்கும் நான் உங்கூடப் பேச மாட்டேன் மாமா" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. தூக்கத்தில்கூட வாய் மூடாதவள், எத்தனை நாளைக்குத் தாங்குவாள்!

தாங்கினாள். சாமை விதைத்தார்கள், களை எடுத்தார்கள், கதிர் முற்றியது, அறுத்துக் களத்துக்கும் கொண்டுவந்தார்கள். அவனிடம் ஒரு சொல் கிடையாது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டிடம் சொன்னாள். "ஏ ஆடே, களி கிண்டி வெச்சிகீது, துன்றவங்கள வந்து துன்னச் சொல்லு." "ஏ ஆடே, கொல்லையில மாடு பூந்துடிச்சி, ஆம்பள யாரனா இருந்தா ஓட்டச் சொல்லு." இந்தக் கூத்தைப் பார்ப்பதற்கென்றே சனங்கள் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சின்னராசுவும் வீம்புக்கு ஆட்டிடமே பதில் சொல்லிப் பார்த்தான். கடைசியில் களத்துமேட்டில் எல்லார் முன்னாலும் சாமையை இரண்டு கையிலும் அள்ளிப் பிடித்து, இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். அன்றைக்கு விட்டவன் இன்றுவரை தொடவில்லை. அதற்கப்புறம் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு, "கை கழுவிட்டு வா மாமா, கொழம்பு ஆறிப்போவுது" என்பதுதான்.

அவள் பிறந்தது காவலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில். நட்சத்திரம் பார்க்கிற வெள்ளைக் கட்டடம் அவர்கள் கொல்லையில் நின்றாலே தெரியும். விடுதிப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் போக வேண்டும். பஸ் எங்கே வந்தது? அந்த வருத்தம் அவளுக்கு உண்டு, ஆனால் அதையே பேசிக்கொண்டிருக்க மாட்டாள். கலசப்பாக்கத்திலிருந்து புளி வாங்க வரும் வியாபாரி எடைக்கல் வைத்த தட்டை விரலால் கொஞ்சம் அழுத்தினால் போதும், "அண்ணே, இது உங்க வூட்டுத் தராசா, மாமியார் வூட்டுத் தராசா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிடுவான். கோபமே படாமல் காரியத்தை முடிக்கிற சாமர்த்தியம் அது.

பிள்ளை விஷயத்தில்தான் அவளுக்கு நெஞ்சு பதறும். முதல் கர்ப்பம் தங்கவில்லை. வெகுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தது. படவேட்டு அம்மன் பெயரையே ரேணுகாதேவி என்று வைத்தாள். கூப்பிடுவது ரேணு. போன ஆடியில் அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது.

அந்த ஆடிக்குத்தான் ஊரில் வயிற்றுநோய் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது, மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ரேணுவும் விடியற்காலையில் எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. பொழுது ஏறுவதற்குள் நாலைந்து தரம் பேதி. நர்சம்மா ஆனந்தி தன் ஸ்கூட்டரில் வீடு வீடாக வந்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களும் மஞ்சள் மாத்திரை அட்டையும் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

"இது வைரஸ்ம்மா. தானா நின்னுடும். அது வரிக்கும் ஒடம்புல தண்ணி கொறையாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வெச்ச தண்ணி. கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. வாந்தி எடுத்தா செத்த நேரம் வுட்டு, மறுபடி ஸ்பூன்ல குடுங்க. மாத்திரைய பேதி நின்னாலும் நிறுத்தாதீங்க, அட்ட முடியற வரிக்கும் குடுக்கணும்."

சொன்னது சொன்னபடி செய்தாள் நதியா. லிட்டர் பாட்டிலைத் தேடிக் கழுவி வைத்தாள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடி வைத்தாள். பிள்ளை துணியைத் தனியாகத் துவைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோலே வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் இருந்த சின்னராசுவின் அக்கா மங்கம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி தண்ணியாப் போவுது, அதுக்கு மேல தண்ணியே ஊத்துறியேடி! வயித்தக் காயப் போடு" என்றாள்.

"இல்ல அண்ணி. நர்சம்மா சொல்லிகீது. போறத வுட அதிகமா உள்ள போவணுமாம்."

"நர்சம்மா நேத்து வந்தவ. நாங்க எத்தினி புள்ளைங்களப் பாத்தோம்!"

நதியா ஸ்பூனை எடுத்துப் பிள்ளை வாயில் வைத்தாள். "நாக்க நீட்டு" என்பாள். நாக்கைத் தொட்டுப் பார்ப்பாள். "காஞ்சிகீது, இன்னொரு வா குடி கண்ணு" என்பாள். இப்படியே பகலும் இரவும் போயிற்று. சின்னராசு விறகு வெட்டிப் போட்டான், தண்ணீர் தூக்கி வந்தான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. நடுவில் ஒருநாள் அவனுக்கும் வயிற்றைக் கலக்கியது. அவனுக்கும் அதே தண்ணீரைக் கலக்கிக் கொடுத்துக் குடிக்க வைத்தாள்.

ஒரு மத்தியானம் பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. நதியா பிள்ளையைச் சின்னராசுவின் மடியில் போட்டுவிட்டு, ஸ்பூனையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாள். அப்போது கோயிலில் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மண்ணில் விழுந்து வேண்டிக்கொண்டாள்.

"ஆத்தா, காப்புக் கட்டுற அன்னிலருந்து கூழு ஊத்துற வரிக்கும் ஒரு பொழுது இருக்கேன். விளக்கு வைக்கிற வரிக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. எம்புள்ள தலமேல சொல்றேன். அவள எங்கிட்டக் குடுத்துடு."

ஒரு பொழுது இருப்பது ஊரில் புதிதல்ல. ஆடியில் பாதிப் பெண்கள் இருப்பார்கள். ஆனால் காப்பி குடிப்பார்கள், மோர் குடிப்பார்கள், வெயிலுக்குத் தண்ணீரும் குடிப்பார்கள். தண்ணீர்கூட வேண்டாம் என்று யார் கேட்டார்கள்? ஆத்தா கேட்டாளா? பூசாரி கேட்டாரா? ஒருவரும் கேட்கவில்லை. அவளாகக் கொடுத்தாள். கொடுப்பதென்றால் இருப்பதிலேயே கஷ்டமானதைக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அவள் திரும்பி வந்தபோது சின்னராசு ஸ்பூனில் ஊற்றிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ரேணு ஒன்றுக்குப் போனாள். அடேயப்பா, ஒரு பிள்ளை ஒன்றுக்குப் போனதற்கு அந்த வீட்டில் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்! ஈரப் பாவாடையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நதியா வாசலில் நின்று சிரித்தாள், அழுதாள். மறுநாள் ரேணு உப்புப் போட்ட கஞ்சி கேட்டாள். அதற்கடுத்த நாள் ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடினாள்.

காப்புக் கட்டினார்கள். நதியா விரதத்தைத் தொடங்கினாள். பகலெல்லாம் சாமைக் கொல்லையில் களை பறிப்பாள். மேகம் இருந்தாலும் ஆடிக் காற்று ஆளை உலர்த்திப் போடும். பக்கத்தில் பறிக்கிறவர்கள் குடத்தைச் சாய்த்துக் குடிப்பார்கள். அவள் அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள். சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டபின் ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பாள், களி தின்பாள், படுத்துவிடுவாள். சின்னராசுவுக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. பூசாரி சிங்காரம், "உன் பொண்டாட்டி மாதிரி விரதம் இருக்க இந்த மலையில ஆள் இல்லடா" என்று சொன்னபோது அவனுக்கு மார் விரிந்தது.

விழாவுக்குப் பாதி நாள் ஓடியிருக்கும். ஒரு காலையில் நதியா கொல்லைப்புறம் போய்விட்டு வந்தாள். வந்தவள் மறுபடி போனாள். மூன்றாவது தரம் வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வந்துடிச்சி மாமா, எனக்கும்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள்கூட. பிறகு வாசலிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை, மஞ்சளாகத்தான் வந்தது.

சின்னராசு தானே தண்ணீர் காய்ச்சினான். ஆறுவதற்குப் பொறுக்காமல் அகலமான குண்டானில் ஊற்றி விசிறினான். பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக் கொட்டி, கலக்கி, டம்ளரில் எடுத்துக்கொண்டு போனான்.

"நதியா, எந்திரி. ஒரு வா குடி."

"இன்னா மாமா அது?"

"புள்ளைக்கிக் குடுத்தியே, அதான்."

"எத்தினி தண்ணி ஊத்தின?"

"லிட்டர் பாட்டில் ரொம்ப."

"செரி. மூடி வையி. விளக்கு வெச்சப்புறம் குடிக்கிறேன்."

"ஏய், வெளாடுறியா? பொழுதே இன்னும் ஏறல. அது வரிக்கும் இன்னா பண்ணுவ?"

"படுத்துக்கிறேன்."

"நோய்க்கு மருந்து குடிச்சா விரதம் முறியாது நதியா. ஆத்தாவுக்குத் தெரியாதா?"

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "பச்சத் தண்ணி படாதுன்னு சொல்லிகீறேன் மாமா. புள்ள தலமேல சொல்லிகீறேன்."

சின்னராசு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாசலில் ரேணு புளியங்கொட்டையைப் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் இப்போதுதான் கொஞ்சம் சதை வந்திருந்தது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது. பெண்டாட்டி முகத்தையும் பார்த்தான், பிள்ளை முகத்தையும் பார்த்தான். இவள் பெரியவள், ஒரு பகல் தாங்கிவிடுவாள். அது சின்னது, இன்னொரு தரம் தாங்காது. அப்படித்தான் அவன் மனசு கணக்குப் போட்டது. டம்ளரைக் கீழே வைத்துத் தட்டால் மூடினான்.

அவனைத் திட்டலாம் என்று எனக்கும் வாய் வருகிறது. ஆனால் பிள்ளை தலைமேல் வைத்த வார்த்தையை மீறுகிற தைரியம் அந்த ஊரில் எந்த அப்பனுக்கு இருந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

போனுக்குச் சிக்னல் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் பாறையில்தான் கிடைக்கும். ஓடினான். ஆனந்தி அன்றைக்குக் கலசப்பாக்கத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் உயர்ந்தது.

"விரதமா? ஐயோ அண்ணா! நாலு நாளா பகல்ல தண்ணியே குடிக்கலயா? ஏற்கெனவே ஒடம்பு காஞ்சி போயிருக்கும். சாமி மேல பழி போடாதீங்க, உடனே ஸ்பூன்ல குடுங்க. ஒண்ணுக்குப் போறாங்களான்னு கேளுங்க. போகலன்னா ஒரு நிமிஷம் நிக்காதீங்க, வண்டி வெச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க."

வந்து சொன்னான். நதியா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "நர்சம்மா சொல்றது நெசந்தான் மாமா" என்றாள். "ஒண்ணுக்குப் போனியா?" என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நேத்து போனேன்" என்றாள்.

ஊரில் இருந்தது ஒரே ஜீப், ராஜேஷுடையது. அது விழாவுக்குச் சாமான் ஏற்றிவரக் கீழே போயிருந்தது. மறுபடி பாறைக்கு ஓடி ராஜேஷுக்குப் போன் போட்டான். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாக அவன் சொன்னான். பஸ் போய்விட்டது, ஆம்புலன்ஸும் வேறு நோயாளியை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. இருந்த ஒன்றிரண்டு பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோகலாம் என்றால் அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை.

மங்கம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனாருக்கு நதியாமேல் பிரியம்தான், இல்லையென்று சொல்லக் கூடாது. "நடுவுல முறிச்சா புள்ள மேலதாண்டா திரும்பும். பொழுது சாயட்டும், இன்னும் செத்த நேரந்தானே" என்று தம்பியைத் தேற்றினாள். துணியை நனைத்து நெற்றியில் போட்டாள், கழுத்தில் போட்டாள், கையையும் காலையும் துடைத்தாள். முகத்தைத் துடைக்கும்போது மட்டும் உதட்டில் ஈரம் பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள். சின்னராசு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா எவ்வளவு கவனமாகச் செய்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தான்.

மத்தியானத்துக்கு மேல் வாந்தியும் நின்றது, பேதியும் நின்றது. நின்றுவிட்டதே என்று அவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. உடம்பில் ஒன்றுமில்லாமல் நின்றது என்று யாருக்குத் தெரியும்? கெண்டைக்கால் இழுத்து இழுத்து முறுக்கியது. சின்னராசு தேய்த்துவிட்டான். தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்தில் அப்படியே நின்றது.

ரேணு உள்ளே வந்து, "அம்மாவுக்குத் தண்ணி குடுப்பா" என்றாள்.

"அம்மா விளக்கு வெச்சப்புறம் குடிக்கும். நீ போய் வெளாடு."

மங்கம்மாளுக்கே பொறுக்கவில்லை. வெளியே வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே எழுந்து போய் விளக்கை ஏற்றினாள். "பொழுது போச்சா அண்ணி?" என்று நதியா கேட்டாள். "போச்சிடி, போச்சி, குடி" என்றாள் மங்கம்மாள். ஆத்தாவை ஏமாற்றியது அவ்வளவு நேரம்தான். அந்தப் பொய்யைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! கதவைச் சாத்தி, விளக்கை ஏற்றி, பொழுது போயிற்று என்று சொல்லியிருந்தால் அந்த மயக்கத்தில் நம்பியிருப்பாளே.

சின்னராசு அவளைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு ஊட்டினான். முதல் வாய் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது வாயில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறம் ஸ்பூனில் விட்டதெல்லாம் கடைவாய் வழியாக வழிந்தது. அந்த நேரத்துக்குத்தான் ராஜேஷின் ஜீப் வந்தது.

வழியெல்லாம் சின்னராசுவின் மடியில்தான் அவள் தலை இருந்தது. வளைவுக்கு வளைவு, "நதியா, நதியா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான். ஒரு தரம் கண்ணைத் திறந்தாள்.

"மாமா, ரேணுவுக்கு அந்த மஞ்ச மாத்திர இன்னும் கீது. நிறுத்தக் கூடாதாம்."

"நீயே வந்து குடு" என்றான் அவன்.

ஆஸ்பத்திரியில் ஓடி ஓடிப் பார்த்தார்கள். ஊசி குத்த நரம்பு தேடினார்கள், ஒரு கையில் கிடைக்காமல் இன்னொரு கையில், பிறகு காலில். வயசான டாக்டர் ஒருவர் சின்னராசுவை வெளியே கூப்பிட்டு, "இவ்வளவு வாந்தி பேதி ஆகியிருக்கு. வீட்ல மருந்துத் தண்ணி இல்லையா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"இருந்துச்சிங்க."

"அப்புறம் ஏம்ப்பா குடுக்கல?"

என்ன சொல்வான்? கலக்கி வைத்தேன், மூடி வைத்தேன் என்றா? கை கூப்பிக்கொண்டு நின்றான். விடிவதற்குள் நதியா போய்விட்டாள்.

காப்புக் கட்டின ஊருக்குள் பிணம் நுழையக் கூடாது. எல்லைக் கல்லுக்கு வெளியே அவர்களுடைய சாமைக் கொல்லை இருந்தது. அங்கேயே இறக்கி, அங்கேயே குளிப்பாட்டி, அவள் களை பறித்த வரப்பின் ஓரமாகவே புதைத்தார்கள். ரேணுவை மங்கம்மாள் தூக்கிவந்து காட்டினாள். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒதடு காஞ்சிகீது" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க ஊரில் மேளம் அடிக்கவில்லை. மறுநாள் அடித்தார்கள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. அரைகுறையாக விட்ட வேண்டுதல் வீட்டில் இருக்கிறவர்களைச் சும்மா விடாதாம். கூழ் ஊற்றுவதற்கு மிச்சம் இருக்கிற நாளை யாராவது ஒருவர் அவளுக்குப் பதிலாக இருந்து முடித்துவிட வேண்டுமாம். "உம்பொண்ணுக்காவடா" என்றாள் மங்கம்மாள். சின்னராசு தலையை ஆட்டினான். அவனுக்கு அப்போது எதற்கும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

இருந்தான். முதல் நாள் காற்றில் உட்கார்ந்திருந்தபோதே வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தலை வலித்தது. பக்கத்து வீட்டில் யாரோ குடத்திலிருந்து மொள்ளுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. இவன் நல்ல உடம்புக்காரன், வாந்தியில்லை, பேதியில்லை. இவனுக்கே இப்படி என்றால் அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தான். நினைத்ததும் அழுகை வந்தது, ஆனால் சத்தம்தான் வந்தது, காய்ந்த கண்ணில் நீர் வரவில்லை. தனக்குத் தெரிந்தே, தன் கண்முன்னாலேயே, எட்டுகிற தூரத்தில் தண்ணீரை மூடிவைத்துக்கொண்டு அவளைச் சாகவிட்டோமே என்று வாய்விட்டுச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டான்.

கூழ் ஊற்றுகிற நாள் கோயில் முன்னால் அண்டா அண்டாவாகக் கூழ் வைத்திருந்தார்கள். ஊரே சொம்பும் தூக்குமாக நின்றது. சின்னராசு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். விளக்கு வைத்தால் வேண்டுதல் முடிந்தது. ரேணு அவன் பக்கத்தில் வந்து நின்று முகத்தையே பார்த்தாள்.

"அப்பா, நாக்க நீட்டு."

நீட்டினான். பிள்ளை விரலால் தொட்டுப் பார்த்தது.

"காஞ்சிகீது" என்றது. ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தது. "குடிப்பா."

"விளக்கு வெச்சப்புறம் குடிக்கிறேம்மா."

ரேணுவின் முகம் மாறிவிட்டது. டம்ளர் சாய்ந்து கொஞ்சம் தண்ணீர் அவள் சட்டையில் கொட்டியது. "அம்மாவும் இதான் சொல்லிச்சி" என்றாள். சொல்லிவிட்டு, அம்மா செத்த அன்றைக்குக்கூட அழாத பிள்ளை, கோயில் முன்னால் அத்தனை சனத்துக்கு நடுவில் கதறி அழுதது.

சின்னராசு அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். டம்ளரை வாங்கி வாயில் வைத்தான்.

"டேய், டேய்!" என்று மங்கம்மாள் ஓடி வந்தாள். "செத்த நேரந்தானேடா கீது! புள்ளைக்கி எதனா ஆயிடப் போவுதுடா!"

"ஆயிடிச்சிக்கா" என்றான் சின்னராசு. "எம்புள்ளைக்கி ஆவ வேண்டியது ஆயிடிச்சி. அம்மா இல்லாமப் போயிடிச்சி. இதுக்கு மேல இன்னா ஆவணும்?"

கூழ் வாங்க நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. மங்கம்மாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் மூச்சு வாங்கி வாங்கிக் குடித்தான். அழுகையும் தண்ணீரும் சேர்ந்து புரையேறியது. ரேணு கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரின் அடியில் கை கொடுத்துப் பிடித்தாள்.

"கொஞ்சங் கொஞ்சமாக் குடிப்பா" என்றாள். "இல்லன்னா வாந்தி வந்துடும்."